பின்பனியும் மார்ச்சுக் கணக்கும்

மாசி கழிந்து பங்குனி பிறக்கிறது. பின்பனி ஒடுங்கி இளவேனில் தலைகாட்டும் இச்சமயத்தில் காவிரி டெல்டாவின் குடியானவர்கள் வேலையின்றிச் சோம்பியிருப்பதாக நகரத்துக் கனவான்கள் சிலர் தூஷிப்பதுண்டு. அவர்கள் ஒரு தரம் தஞ்சை ஜில்லாவுக்குப் போய் வரட்டும்!

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் நெற்பயிருக்கிடையே, ஈரம் உலராத சேற்றில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். மேட்டூர் அணையோ வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. அப்பால் உழவில்லை, பாய்ச்சலில்லை. மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் உண்டே அப்பயிர் சுமார் 70 நாளில் விளைகிறது. விளையும்போதே நிலத்துக்கு உரமும் சேர்க்கிறது. காத்திருப்பதே அங்கு தொழில். எவ்வளவு துரிதப்படுத்தினும் காய் ஒரு நாள் முந்தி முற்றாது.

ஆனால் சர்க்கார் கணக்கு மார்ச்சு 31-ல் முடிகிறது. 1867-ல் அன்னிய ஆட்சி தன் தேசத்து வழக்கத்தை அனுசரித்து ஏற்படுத்திய வருஷம் அது. சுயராஜ்யம் வந்தும் நம்மை விட்டபாடில்லை. பயறு செடியிலிருக்கையிலேயே கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கிறான். பங்குனி வெள்ளாமை விற்று முடியும் வரை, சித்திரை ஈறாகவேனும், தவணையை ஒத்திவைக்குமாறு சர்க்காரைக் கேட்கிறோம்.