செல்ஃபிக்கு முன் நாலடி பின்னால்!

ஆனி பிறந்தால் தென்காசிக்குக் காற்று வந்துவிடும். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியே புகுந்து, காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் நிற்பவரையே தள்ளிப் பார்க்கும். அதில் வளர்ந்தவர்கள் வெளிநாட்டுச் சுற்றுலாவில் கடலோர மலைமுகட்டில் நடக்கும்போது, ‘நாம பார்க்காத காத்தா?’ என்று நினைக்கலாம். அங்கேதான் கவனம் தேவை.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மோஹர் பாறைகளின் உச்சி 214 மீட்டர். குற்றாலம் பேரருவி சுமார் 60 மீட்டர்தான். அங்கே காற்று சீராக வீசாது. ஓங்கி அடிக்கும், சட்டென்று நிற்கும். காற்றை எதிர்த்துச் சாய்ந்து நடப்பவர் தடுமாறுவது, அது நிற்கும் நொடியில்! காலடியில் பச்சைப் புல் இருக்கும்; அதன் அடியில் பாறையை அலை அரித்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வரும் என்பது குற்றாலத்துக்குப் புதிதல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனைப் பலிகொண்டது. மழை கொட்டியதோ மேலே, மலையில்!

அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டினால் யாரும் இறங்குவதில்லை. கடலோரப் பாறையிலும் அதே கணக்குதான். வேலியைத் தாண்டாதீர்கள். கிளம்பும் முன் அன்றைய காற்றின் வேகத்தைப் பாருங்கள். பலமாக வீசினால் நடையை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். குழந்தைகள் எப்போதும் நிலப்பக்கம் நடக்கட்டும். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதென்றால், விளிம்பிலிருந்து நாலடி தள்ளியே நில்லுங்கள். படத்தில் கடல் அப்போதும் தெரியும்.