பெயர் எழுதும் இடம்

போன மாதம் நம் கவிஞர் ஒருவர் வீட்டில் நாலைந்து பேர் கூடியிருந்தபோது ஹாஷிம் அல் மதனியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் வெறும் ஸ்டூடியோக்காரர், அந்தப் படங்களைக் கலையாக்கியவர் அக்ரம் ஸாத்தாரிதான் என்று கவிஞர் அடித்துச் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

மதனி லெபனானின் ஸைதா நகரத்துக்காரர். பைபிள் படித்தவர்களுக்கு சீதோன் என்றால் தெரியும். 1928இல் பிறந்தவர். 1947இல் வேலை தேடிப் பாலஸ்தீனம் போய், ஹைஃபாவில் ஒரு யூதப் புகைப்படக்காரரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1948 யுத்தம் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. பெற்றோர் வீட்டுக் கூடத்தில் படம் எடுக்க ஆரம்பித்து, 1953இல் ஷெஹரஸாத் ஸ்டூடியோவைத் திறந்தார். 2017இல் இறந்தார். ஸைதா ஜனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைத் தாம் படம் எடுத்ததாக அவர் சொல்லிக்கொண்டதுண்டு. தொழில்காரரின் மிகை என்றே வைத்துக்கொள்வோம். பாதியாகக் குறைத்தாலும் நம் இலக்கியவாதிகளில் எவன் தன் ஊரை அவ்வளவு பார்த்திருக்கிறான்? ஸ்டூடியோவுக்கு வந்தவர்களை மட்டுமல்ல, பழைய நகரத்துச் சந்துகளில் கடைக்காரர்களை அவரவர் கடையிலேயே நிறுத்தி எடுத்திருக்கிறார். துப்பாக்கியோடு வந்து நின்ற பாலஸ்தீனப் போராளிகளையும் எடுத்திருக்கிறார்.

ஸாத்தாரியும் அதே ஊர்தான். 1966இல் பிறந்தவர். 1997இல் பெய்ரூத்தில் அரபு இமேஜ் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் ஒருவர். மதனியைத் தேடிப் போனார், பேச வைத்தார், நெகடிவ்களை ஒழுங்குபடுத்தினார், 2004இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். இந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதைதான். தகராறு வேறிடத்தில். லண்டன் டேட் மியூசியத்தின் சேகரிப்பில் இப்படங்களுக்குக் கலைஞர் என்ற இடத்தில் ஸாத்தாரியின் பெயர் இருக்கிறது. மதனியின் பெயர் இருப்பது தலைப்புக்குள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஸ்டூடியோ, எந்த ஊர், எந்த வருஷம், அப்புறம் கடைசியில் ஹாஷிம் அல் மதனி. தபால் உறையில் முகவரி எழுதுகிற மாதிரி.

இதற்குச் சமாதானம் இருக்கிறது, தெரியும். தனித்தனிப் படமல்ல தம் படைப்பு, ஒரு ஸ்டூடியோவின் செயல்முறையை ஆராய்வதே தம் படைப்பு என்பது ஸாத்தாரி தரப்பு. ஆராயட்டும். 1887இல் சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு தேடி அவர் அலைந்த அலைச்சல் ஊரறிந்தது. அதற்காக ஆசிரியர் உ.வே.சா. என்று போட்டு, திருத்தக்கதேவரை நூல் தலைப்பின் வாலில் ஒட்டவைத்தால் நாம் சும்மா இருப்போமா? பதிப்பாசிரியர் என்ற சொல் ஒன்றும் கௌரவக் குறைவானதல்ல. நவீனக் கலைச் சந்தைக்கு மட்டும் அது போதவில்லை.

நம் கவிஞருக்கு இதெல்லாம் ஏன் உறைக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். காசு வாங்கிக்கொண்டு, வந்தவன் கேட்டபடி செய்து கொடுப்பவனிடம் கலை இருக்க முடியாது என்பது நம் சிறுபத்திரிகைக்காரர்களின் ரகசிய மதம். நாம் எழுதுவதை எவனும் காசு கொடுத்து வாங்குவதில்லை. அதனாலேயே அது சுத்தமானது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு ஆண்கள் முத்தமிட்டுக்கொள்ளும் படம் ஒன்று 1958இல் எடுத்தது. பெண்கள் இருவர் முத்தமிடும் படமும் இருக்கிறது. பார்த்தவுடன் ஆளுக்கொரு சித்தாந்தம் பிறந்துவிடும். மதனி சொன்ன காரணம் வேறு: சினிமாவில் பார்த்ததைப் போல நடித்துப் பார்க்க ஜனங்களுக்கு ஆசை, ஆணும் பெண்ணுமாகச் செய்ய அந்த ஊர் இடம் கொடுக்காது, ஆகவே ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும். இதுதான் முழு உண்மை என்று நான் சாதிக்கவில்லை. வெளியே செய்ய முடியாததை உள்ளே வந்து செய்து பார்க்கலாம் என்ற தைரியத்தை அத்தனை பேருக்குக் கொடுத்தது எது? லைட்டா, திரையா? கேமராவுக்குப் பின்னால் நின்ற மனுஷர். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வருஷங்கள் பிடித்திருக்கும். அதைத்தான் நம்மவர் 'வெறும்' என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

காணாமல் போக இருந்ததை ஸாத்தாரி கண்டெடுத்தார், இல்லாவிட்டால் யார் பார்த்திருப்பார்கள் என்று இன்னொரு நண்பர் கேட்டார். ஸைதாவில் பார்த்தார்கள். காசு கொடுத்துப் பிரதி வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தானே. ஸ்டூடியோவில் தங்கியது நெகடிவ்தான். நாம் பார்த்ததைத்தான் பார்த்தல் என்று எண்ணுவது என்ன நியாயம்?

கடைசியாக அந்தப் படம். 1957இல் ஒரு பெண் கணவனிடம் சொல்லாமல் ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்து அவன் வந்து கூச்சல் போட்டான், நெகடிவ்களைக் கொடு என்றான். 35 எம்.எம். சுருளில் இருந்ததால் மதனி கொடுக்க மறுத்தார். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவன் கண்ணெதிரிலேயே மதனி ஒரு குண்டூசியால் அவள் படங்களைக் கீறினார். அவர் ஏன் இணங்கினார் என்ற கேள்வி எனக்கும் உண்டு. அதே ஊரில் மறுநாளும் கடை திறக்க வேண்டியவர் என்பது பதிலாகிவிடாது. ஆனால் கீறிய கை அவருடையது, அதைப் பின்னால் மறைக்காமல் சொன்னவரும் அவர்தான். வருஷங்கள் கழித்து, வாழ்க்கை பொறுக்காமல் அந்தப் பெண் தன்னைக் கொளுத்திக்கொண்டு இறந்த பிறகு, கணவன் மறுபடி வந்தான். அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டான். தனக்குத் தெரியாமல் அவள் வேறு படம் எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் வேண்டும் என்றானாம்.

கீறலோடு அந்த முகம் இன்று ஸாத்தாரியின் படைப்பாகச் சுவரில் தொங்குகிறது. அவளை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. நம் கவிஞர் அன்று அந்தப் படத்தைக் காட்டி, கோடுகளில் நவீன ஓவியத்தின் வீச்சு இருக்கிறது பாருங்கள் என்றார். அவர் கொடுத்த காப்பி என் கையில் இருந்தது. பேசாமல் குடித்து முடித்தேன்.