மார்ச்சு நான்கோ, ஏப்பிரல் மூன்றோ?

தருமபுரியினின்று சேலம் நோக்கிச் செல்லும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் வளைந்து வளைந்து இறங்குகின்றது. பாரமேற்றிய லாரிகள் அவ்விறக்கத்திற் கட்டிழந்து முன்செல்லும் வண்டிகளின்மேல் மோதுவதும், உயிர்கள் மாய்வதும் நாடறிந்த செய்தியாம். 2020 டிசம்பர் 12-இலும், 2024 சனவரி 24-இலும் நேர்ந்த பெருமோதல்களில் நந்நான்கு பேர் மாண்டனர். இத்தகைய இடத்தில் விபத்துக்களை நாள்வாரியாகத் தொகுத்து வைத்தல் வெறும் எழுத்தர் வேலையன்று. எப்பருவத்தில், எவ்வளைவில் மிகுதியாக நேர்கின்றன என்று கண்டாலன்றிப் பரிகாரம் தேடுவது எங்ஙனம்? அத்தொகுப்பைக் கெடுக்கும் சிறு பிழையொன்றைப் பற்றியே யான் ஈண்டு எழுதப் புகுந்தேன்.

நாம் நாளை முன்னும் திங்களைப் பின்னும் எழுதுகின்றோம். அமெரிக்கர் திங்களை முன்வைப்பர். ஆகவே 03-04-2023 என்பது நமக்கு ஏப்பிரல் 3. அவர்க்கு மார்ச்சு 4. மேசைக் கணிப்பொறியில் வழங்கும் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தளம், தேதிக்கென வகுத்த பத்தியில் தேதியை எழுத்தாக வைப்பதில்லை. 1899 டிசம்பர் 30-ஐச் சுழியமாகக் கொண்டு, அன்று முதல் கழிந்த நாட்களின் தொகையாகவே வைக்கின்றது. 2020 டிசம்பர் 12 அதற்கு 44177 ஆகும். எண்ணில் மயக்கம் சிறிதுமில்லை. எழுத்து எண்ணாக மாறும் அக்கணத்திலேதான் மயக்கம் புகுகின்றது. பொறி அமெரிக்க முறைக்கு அமைந்திருப்பின் 03-04 என்பது மார்ச்சு 4 ஆகிவிடும். ஆயின் 24-01 என்று கொடுப்பின், இருபத்துநான்காந் திங்கள் ஒன்று இல்லாமையால், அது தானே முறையை மாற்றிச் சனவரி 24 என்று கொள்ளும். யாதொரு எச்சரிக்கையும் கூறாது. இவ்வுதவியே பெருங்கேடு என்பது என் துணிபு. முற்றும் பிழையான பட்டியலை எவரும் கண்டுகொள்வர். பாதி சரியும் பாதி பிழையுமான பட்டியலை யார் ஐயுறுவர்? மேற்கூறிய இரு விபத்துக்களையே நோக்குக. 12-12 எவ்வாறு படிப்பினும் ஒன்றே. 24-01 மாற்றிப் படிக்க இடந்தராது. நாடறிந்த இவ்விரண்டையும் கொண்டு பட்டியலைச் சோதிப்பவர், எல்லாம் செவ்வையாக உள்ளதென்றே ஓய்ந்திருப்பர்.

ஓராண்டின் 365 நாட்களுள் இருவகையாகப் படிக்கத்தக்கவை 132. அக்டோபர் 3-இல், மழையில், நேர்ந்த மோதலொன்று மார்ச்சு 10 ஆகிக் கோடையிற் போய் விழும். நனைந்த சாலையோ, பிரேக்கின் பழுதோ காரணம் என்று ஆராய்வார் அப்பட்டியலை நம்பினால் என்ன முடிவுக்கு வருவர்!

இம்மயக்கம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. டேனியர் 1700-இல் புதிய நாட்காட்டியை ஏற்றனர்; ஆங்கிலேயரோ 1752 வரை பழையதையே போற்றினர். ஆதலின் அரை நூற்றாண்டுக் காலம் தரங்கம்பாடியாரும் சென்னைக் கோட்டையாரும் ஒரே நாளைப் பதினொரு நாள் வேற்றுமையுடன் எழுதி வந்தனர். சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர்பால் வீழ்ந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் 1746 செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் 21. ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் தம் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழாண்டும் மாதமும் தேதியும் சேர்த்து வரைந்தமையால் பின்வந்தோர்க்கு ஐயமில்லாதாயிற்று. நம் அறுபதாண்டு வட்டமும் குறையற்றதன்று. ‘பிரபவ’ என்ற மாத்திரத்தில் எந்நூற்றாண்டுப் பிரபவ என்பது விளங்காது. இன்று ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதுவோர் அக்குறையையே மீண்டும் வரவழைக்கின்றனர். பழைய மாணாக்கர் பதிவேட்டில் ‘25’ என்றிருந்தால் அது 1925-ஓ, 2025-ஓ?

தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவும் நண்பர் எனக்குண்டு. ஏட்டுச்சுவடி பதிப்பிக்கும் முறையைக் கற்பவனுக்கு இது அயலான பொருளன்று. உ. வே. சாமிநாதையரவர்கள் பாடபேதங்களை மறையாது அடிக்குறிப்பிற் காட்டினார்கள். அங்ஙனமே, எழுதியவர் எழுதியவாறு தேதியை எழுத்துப் பத்தியொன்றில் வைத்து, அதனருகே திருத்தமான தேதியை வேறொரு பத்தியில் வைத்தல் வேண்டும். அத்திருத்தம் ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையிலிருப்பது நன்று. 1988-இல் வெளியான 8601 என்னும் சர்வதேசத் தரம் கூறுவதும் அதுவே. எழுத்தாக வரிசைப்படுத்தினும் காலமுறை பிறழாது. தகடூர் நாட்டு நடுகற்களும் அரசனது யாண்டையே முன்வைத்துத் தொடங்குகின்றன. ஊரார் தம் வழக்கத்தை விடவேண்டும் என்று யான் கூறவில்லை. படிவத்தில் திங்களின் பெயரை எழுத்தால் எழுதச் செய்தாலே போதும்.

முன்னரே கலந்துபோன பட்டியலை என்செய்வது? ஊகித்துத் திருத்துதல் கூடாது. காவல் நிலையங்களில் முதல் தகவல் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒன்று முதல் வரிசையெண் பெறுகின்றன. ஐயத்திற்குரிய அறிக்கையின் எண், ஐயமற்ற இரண்டு அறிக்கைகளுக்கு இடைப்பட்டதாயின், மார்ச்சு நான்கோ ஏப்பிரல் மூன்றோ என்பது அதனாலேயே பெரும்பாலும் விளங்கும். விளங்காதவற்றை ‘ஐயம்’ என்று குறித்துத் தனியே வைத்துவிடலாம்.