சுமைதாங்கிக் கல் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மார்கழி மாதத்து இரவு. மணி எட்டரை இருக்கும். கோவை ரேஸ்கோர்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் ஒரு பெரிய சதுரப் பை. பைக்குள் ஒரு சீஸ் ஸ்டேக், ஒரு பெட்டி பிரெஞ்சு ஃபிரைஸ். இரண்டும் எனக்கல்ல, ஏழாவது மாடியில் குடியிருக்கும் ஒருவருக்கு.

"கண்ணு, லிஃப்ட்டுல போகக் கூடாது. படியில ஏறிக்கோ" என்றார் காவலாளிப் பெரியவர்.

"ஏனுங்கய்யா?"

"நானா சொல்றேன்? சங்கத்துல தீர்மானம் போட்டிருக்காங்க, சாமி."

அவர் முகத்தில் இருந்த சங்கடத்தைப் பார்த்த பிறகு மேலே பேச எனக்கு மனம் வரவில்லை. ஏழு மாடியும் ஏறினேன். கதவு திறந்தது. வாங்கியவர் வாசலிலேயே பெட்டியைப் பிரித்தார். ஒரு ஃபிரைஸை இரு விரல்களால் தூக்கிக் காட்டினார். வதங்கிய கீரைத் தண்டு போல அது தொங்கியது.

"எங்கப்பா ஊர் சுத்திட்டு வர்றே? இதை மனுஷன் தின்பானா?"

கதவு சாத்தப்பட்டது. மறுநாள் பார்த்தபோது என் கணக்கில் ஒற்றை நட்சத்திரம் ஒன்று விழுந்திருந்தது.

இதைப் படிக்கும் வகுப்புத் தோழர்கள் சிலர் வியக்கலாம். ஆம், நான்தான். ஓராண்டுக் காலமாக மாலை ஆறு மணி முதல் இரவு பத்தரை வரை வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்தக் கல்லூரியில் யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. நம் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக்கே ஒருமுறை போக நேர்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் பொட்டலத்தை நீட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். இன்று இந்தக் கட்டுரையில்தான் அந்த ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன்.

என் தந்தையார் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் சுமை தூக்கும் தொழிலாளி. நீலகிரியிலிருந்து இறங்கும் கிழங்கு மூட்டைகள், மூட்டைக்கு 45 கிலோ. அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பேருந்துக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் போகிறது. அறை வாடகைக்கும் தங்கையின் படிப்புக்கும்தான் இந்தச் சதுரப் பை.

டாக்சி ஓட்டுநரின் உணவு

அந்த ஒற்றை நட்சத்திரம் என்னை உறங்கவிடவில்லை. நான் வாயில் வைத்தே பார்க்காத இந்தச் சீஸ் ஸ்டேக் என்பதுதான் என்ன என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பு.

அது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்த உணவு. தெற்கு ஃபிலடெல்ஃபியாவில், இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதியில், பாட் ஒலிவியரி என்பவர் தெருவோரத்தில் ஹாட் டாக் விற்று வந்தார். 1930ஆம் ஆண்டில் ஒரு நாள், தாம் விற்கும் ஹாட் டாக்கைத் தாமே தின்று அலுத்துப்போய், மாட்டிறைச்சி வாங்கிவரச் செய்தார். அதை மெல்லிய துண்டுகளாக்கி, வெங்காயத்தோடு இரும்புக் கல்லில் வதக்கி, நீண்ட ரொட்டியின் நடுவே வைத்தார். அவர் கடிக்கப் போன நேரத்தில் வழக்கமாக வரும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் வந்து சேர்ந்தார். மணம் அவரை இழுத்தது. "எனக்கும் அதையே கொடு" என்றாராம். தின்று பார்த்துவிட்டு, ஹாட் டாக்கை விட்டுவிட்டு இதையே விற்கும்படி யோசனையும் சொன்னாராம். பாலாடைக்கட்டியான சீஸ் அதில் சேர்ந்தது பிற்பாடுதான். அங்கிருந்து உலகம் சுற்றி இன்று நம் ஊர்க் கடைப் பலகையிலும் ஏறிவிட்டது. கோழி இறைச்சியிலும் செய்கிறார்கள்.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்! அந்த உணவின் முதல் வாடிக்கையாளர், கதை சொல்கிறபடி, சாலையில் வண்டி ஓட்டிப் பிழைத்த ஒரு தொழிலாளி. இன்று அதே உணவை முதுகில் சுமந்து சாலையில் வண்டி ஓட்டுகிற தொழிலாளிக்கு அதன் மணம் மட்டுமே மிச்சம். அன்று நான் கொண்டுபோன உணவின் விலை 420 ரூபாய். அதைக் கொண்டு சேர்த்ததற்கு எனக்குக் கிடைத்தது 38 ரூபாய். பெட்ரோல் செலவு என்னுடையது.

குற்றவாளி யார்?

ஃபிரைஸ் ஏன் வதங்கியது? வேதியியல் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள எண்ணெயில் கிழங்குத் துண்டு விழுந்ததும் அதன் மேற்பரப்பிலுள்ள நீர் கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. புறத்தே உலர்ந்த மொறுமொறுப்பான ஓடு உருவாகிறது. அந்தச் சூட்டில் கிழங்கிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மெய்லார்டின் பெயரால் இதை மெய்லார்டு வினை என்கிறோம். டாக்சி ஓட்டுநரை இழுத்த இறைச்சி மணத்துக்கும் இதே வினைதான் காரணம்.

ஆனால் கிழங்கின் உட்புறம் ஈரமாகவே இருக்கிறது. எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் உள்ளிருக்கும் நீர் ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கிறது. தட்டில் பரப்பி வைத்தால் அது காற்றோடு போய்விடும். மூடிய பெட்டிக்குள் எங்கே போகும்? குளிர்ந்த மூடியில் பட்டு மீண்டும் நீராகிறது. அந்த நீரை மொறுமொறுப்பான ஓடு உறிஞ்சிக்கொள்கிறது. பக்கத்தில் சூடான சீஸ் ஸ்டேக்கும் ஆவி விட்டுக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கடையை விட்டுப் புறப்பட்ட சில நிமிடங்களிலேயே வதங்கல் தொடங்கிவிடுகிறது. சிக்னலில் நிற்காமல் பறந்து போனாலும் இதை என்னால் தடுக்க முடியாது. பெட்டியில் நான்கு துளை இருந்தால் ஓரளவு தடுக்கலாம். அந்தத் துளையைப் போட வேண்டியவர் கடைக்காரர்.

ஆக, நீராவி செய்த குற்றத்துக்குத் தண்டனை எனக்கு! அந்த நட்சத்திரத்தால் என் வருமானம் குறையலாம் என்பதும், அந்த அச்சத்தால் அடுத்த முறை நான் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகலாம் என்பதும் ஏழாவது மாடிக்குத் தெரியாது. "சுடச்சுட வேண்டும்" என்று நாம் சொல்லும் சொல் சாலையில் ஒருவன் உயிரோடு விளையாடுகிறது.

என் குற்றமும் உண்டு

ஏழாவது மாடிக்காரரை மட்டும் பழித்து இதை முடித்தால் நான் பொய்யன் ஆவேன்.

இந்த வேலையில் சேர்வதற்கு முன், முதலாண்டில், அறை நண்பர்கள் நால்வர் சேர்ந்து காசு போட்டுப் பரோட்டா வரவழைத்தோம். நல்ல மழை. கொண்டுவந்தவர் இருபது நிமிடம் தாமதம். என் தந்தையைவிட வயதில் மூத்தவராகத் தோன்றினார். சட்டையிலிருந்து நீர் சொட்டியது; பொட்டலம் மட்டும் நனையவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்கண்ணா ஊர் சுத்திட்டு வர்றீங்க?" நண்பர்கள் சிரித்தார்கள். "மழைங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதே சொல் ஓராண்டுக்குள் ஏழாவது மாடியில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மூட்டை தூக்கும் தந்தைக்குப் பிறந்த எனக்கே, நாலு காசு கொடுத்து ஒன்றை வரவழைத்ததும் அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது? கொண்டு வருபவனை நாம் காண்பதில்லை, பொட்டலத்தைத்தான் காண்கிறோம். கைபேசித் திரையில் அவன் ஒரு சின்ன வண்டிப் படம். அது நகர்கிறதா, நிற்கிறதா என்பதுதான் நம் கவலை.

"காசு கொடுக்கிறோம், வேலை வாங்குகிறோம். இதில் என்ன தவறு?" என்று கேட்கலாம். வரவழைத்து உண்பதில் தவறே இல்லை. நோயாளி இருக்கும் வீடு, தனியாக வாழும் முதியவர், இரவு வேலை முடிந்து சோர்ந்து வரும் தாய் ஆகியோருக்கெல்லாம் இது பெரிய உதவி. கடைக்கு வியாபாரம், எனக்குக் கூலி. நாளையே எல்லோரும் வரவழைப்பதை நிறுத்திவிட்டால் என் தங்கையின் படிப்புத்தான் நிற்கும். நான் கேட்பது வேறு. காசு கொடுத்து வாங்குவது ஒருவனுடைய உழைப்பை மட்டுமே. அவனுடைய மானம் அந்த 38 ரூபாயில் அடக்கமில்லை.

நான் தனி ஆள் அல்லன். 2020-21ஆம் ஆண்டில் இந்தியாவில் இத்தகைய வேலைகளில் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்தது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. நல்லவை; வரவேற்கிறேன். ஆனால் லிஃப்ட் வாசலில் நிற்கும் தடையை எந்தச் சட்டம் நீக்கும்? அதைத் தீர்மானம் போட்டவர்களே நீக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் படிப்போடு இப்படிச் சுமக்கிறானே என்று வருந்துவார் என நினைத்தேன். அவர் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "மண்டியில மூட்டை இறக்குனா உட்காரத் திண்ணை இருக்கு, குடிக்கப் பானையில தண்ணி இருக்கு. உனக்கு எங்கடா இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

நம் முன்னோர் வழிநெடுகச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். நின்றவாக்கில் இரண்டு கற்கள், மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருபவன் யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாற அது உதவியது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகவும் அதை நட்டார்கள். எந்த ஊரான், என்ன சாதி, யாருடைய சுமை என்று அந்தக் கல் கேட்டதில்லை. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இத்தகைய ஊழியர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை ஒன்றைத் திறந்தது என்று படித்தபோது, இந்தக் காலத்துச் சுமைதாங்கிக் கல் இதுதான் என்று தோன்றியது. அது எல்லா ஊர்களிலும் எழ வேண்டும்.

அதுவரை? மாணவ நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே, உங்கள் வாசல் இருக்கிறது. ஃபிரைஸ் வதங்கியிருந்தால் கடைக்குச் சொல்லுங்கள். நட்சத்திரம் இடுமுன் அது யார் மேல் விழுகிறது என்று எண்ணுங்கள். நீங்கள் குடியிருக்கும் சங்கத்தில் லிஃப்ட் பற்றிய பேச்சு வந்தால் கை தூக்கி மறுத்துச் சொல்லுங்கள். ஒரு குவளைத் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். நாளைக் காலை வகுப்பில் கடைசி வரிசையில் ஒருவன் கண்ணயர்ந்தால், முந்தைய இரவு அவன் எத்தனை மாடி ஏறினானோ என்று ஒரு கணம் நினையுங்கள்.

மழையில் நனைந்து வந்த அந்தப் பெரியவரை நான் பிறகு பார்க்கவே இல்லை. கடை வாசல்களில் காத்து நிற்கும் கூட்டத்தில் இப்போதும் தேடுகிறேன். பார்த்தால் சொல்வதற்கு ஒரு மன்னிப்பு என்னிடம் இருக்கிறது.