குழந்தைக்குக் காய்ச்சல், அம்மாவுக்குச் சம்பள வெட்டு

"கை, கால், வாயெல்லாம் கொப்புளமா இருக்கு. சரியாகிற வரைக்கும் பால்வாடிக்குக் கூட்டிட்டு வராதீங்க." ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு தாய்க்கு இது மருத்துவ அறிவுரை மட்டுமல்ல. ஒரு வாரச் சம்பளம் போகிறது என்ற செய்தியும்கூட.

கை, கால், வாய் நோயை உண்டாக்குபவை காக்சாக்கி போன்ற என்டெரோவைரஸ்கள். அதிகம் பாதிக்கப்படுவது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானாகவே சரியாகிவிடும். ஆன்டிபயாட்டிக் இதற்கு உதவாது. குழந்தை தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்ப்பதே முக்கியம். காய்ச்சல் நீடித்தாலோ, குழந்தை துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2022 மே மாதம் கேரளத்தின் கொல்லத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பீதி கிளம்பியதே, அதுவும் இந்நோயின் ஒரு வகையாகவே தெரிகிறது என்றது ஒன்றிய அரசு. அறிகுறி தெரிந்ததிலிருந்து 5 முதல் 7 நாட்கள் குழந்தையைத் தனியே வைத்திருக்கவும் சொன்னது.

சரியான அறிவுரைதான். ஆனால் அந்த ஏழு நாளும் குழந்தையோடு யார் இருப்பது?

தொழிலாளிக்கே நோய் வந்தால் இஎஸ்ஐ சம்பளத்தில் 70 விழுக்காடு தரும். பிள்ளைக்கு நோய் என்றால் மருத்துவம் உண்டு. பார்த்துக்கொள்ள வீட்டிலிருக்கும் தாய்க்கு ஒரு ரூபாயும் இல்லை. வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்களுக்கு அந்த இஎஸ்ஐயும் எட்டாது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். வீட்டில் தைப்பவர்கள் அந்தத் தலைக்கணக்கிலும் வரமாட்டார்கள். பிறகு, காலையில் பாராசிட்டமால் கொடுத்துப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடும் தாயைப் 'பொறுப்பில்லாதவள்' என்று எப்படித் திட்டுகிறோம்?

இந்த வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். சானிடைசரை நம்ப முடியாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் தண்ணீர் கெட்டதற்காக, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மண்ணில் நின்றுகொண்டுதான் 'கை கழுவுங்கள்' என்கிறோம்.

தோலைத் தொட்டதற்காகவே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இவர்கள். கொப்புளம் தெரிந்ததும் 'காலனிப் பசங்க சுத்தமில்ல' என்ற பேச்சு கிளம்பினால், அங்கேயே மறுத்துப் பேசுங்கள் தோழர்களே. வைரஸ் எச்சிலில் இருக்கிறது, மலத்தில் இருக்கிறது, பிறப்பில் இல்லை. ஏழு நாளில் முடியும் தனிமைப்படுத்தலும் தலைமுறைகளாக முடியாத ஒதுக்கலும் ஒன்றல்ல.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்த அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே சுமக்க வேண்டும் என்றும் வாதிட்டார். அதே நியாயம் நோயுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாட்களுக்கும் பொருந்தும். குழந்தையின் நோய்க்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். வீட்டில் தைப்பவர்களும் அதில் சேர வேண்டும். ஒவ்வொரு பால்வாடியிலும் குழாயில் தண்ணீர் வர வேண்டும், பக்கத்தில் சோப்பு இருக்க வேண்டும். இதையெல்லாம் தராமல் 'வீட்டிலேயே வைத்துக்கொள்' என்று சொன்னால், நோயைத் தடுக்கும் செலவு முழுவதையும் ஒரு தலித் தாயின் கூலியிலிருந்து பிடித்துக்கொள்கிறோம் என்றே பொருள்.