விளக்குக்கும் பூட்டு வேண்டும்

தீபாவளி நெருங்கினால் பெர்மாஸ் ஜெயா வீடுகளில் வண்ண எல்.இ.டி. விளக்குப் பட்டைகள் மின்னும். அவற்றை ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியுடன் இணைத்து, திறன்பேசி வழி இயக்க மாணவர்களாலும் முடியும். கணினியின் முனை 3.3 வோல்ட் மட்டுமே தரும். 12 வோல்ட் பட்டைக்குத் தனி மின்வழங்கியும் இடையே டிரான்சிஸ்டரும் தேவை. இவற்றைக் கவனிக்கும் பலர் கடவுச்சொல்லை மறந்துவிடுகின்றனர்.

“வெறும் விளக்குதானே!” எனச் சிலர் கூறலாம். 2016-இல், தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களை மிராய் என்னும் நச்சுநிரல் கைப்பற்றியது. அவற்றின் வழி தொடுக்கப்பட்ட தாக்குதலில் டுவிட்டர் உள்ளிட்ட தளங்கள் முடங்கின. இணையத்தில் இணைந்த விளக்கும் வீட்டின் ஒரு கதவே. ஆகவே, பட்டையை ஒட்டும் முன்பே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.