வெந்நீர் இன்ஜின்: நம்புவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் கொடுத்த பின் பலரும் முதலில் திறப்பது யூடியூப்தான். வில்லியனூர், பாகூர் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளிலும் அப்படித்தான். அங்கே பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி காட்டும் வீடியோ ஒன்று உண்டு. ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்ன சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வளையம். சின்ன சக்கரத்தை வெந்நீரில் நனைத்து லேசாகத் தட்டிவிட்டால் இரண்டும் சுழல்கின்றன. மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. தலைப்பில் ‘இலவச மின்சாரம்’ என்று இருக்கும். “இதைச் செய்தால் கரண்ட் பில் கட்ட வேண்டாமா சார்?” என்று கேட்கிறார்கள்.

மாடலை அவசியம் செய்யுங்கள், தலைப்பை நம்பாதீர்கள் என்பதே என் பதில்.

அந்தக் கம்பியின் பெயர் நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் வில்லியம் பியூலர் என்பவர் 1959-ல் இதை ஆராயத் தொடங்கினார். குளிர்ந்த நிலையில் எளிதாக வளையும். சூடு பட்டால் முன்பு பழக்கிய உருவத்துக்குத் திரும்பிவிடும். 1973-ல் ரிட்ஜ்வே பேங்க்ஸ் கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இதை வைத்து ஓர் இன்ஜினையே ஓட்டிக் காட்டினார். ஆகவே வீடியோவில் ஓடும் சக்கரம் பொய்யல்ல.

கம்பி நேராக இருக்கும்படி பழக்கப்பட்டது. சின்ன சக்கரத்தில் வளைந்து வரும்போது வெந்நீரின் சூடு பட்டு நிமிரப் பார்க்கிறது. அந்த விசைதான் சக்கரத்தைத் தள்ளுகிறது. மேலே காற்றில் ஆறியதும் மறுபடி இளகி வளைகிறது. கவனியுங்கள்: சூடு எவ்வளவு முக்கியமோ, ஆறுவதும் அவ்வளவு முக்கியம்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்துகொள்ளுங்கள். முதல் செல்லில் வெந்நீரின் வெப்பநிலை 70, அடுத்ததில் அறையின் வெப்பநிலை 30 என டைப் செய்யுங்கள். மூன்றாவது செல்லில், முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து, முதல் எண்ணுடன் 273 கூட்டி வரும் தொகையால் வகுக்கும்படி பார்முலா கொடுங்கள். சுமார் 0.117 வரும். அதாவது, எந்த வெப்ப இன்ஜினாக இருந்தாலும் இந்தச் சூட்டில் 11.7 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. நிஜ மாடல் இதைவிட மிகக் குறைவாகவே தரும்.

அறை வெப்பநிலையை 10 ஆக மாற்றிப் பாருங்கள்: 17.5 சதவீதம். நம் ஊர் மே மாதத்துக்கு 35 போட்டால் 10.2 தான். குளிர் நாட்டு வீடியோவில் வேகமாகச் சுற்றுவது பாகூரில் மெதுவாகச் சுற்றினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொரு கணக்கு. கால் லிட்டர் வெந்நீர் 70 டிகிரியிலிருந்து 60-க்கு ஆறும்போது சுமார் 10,500 ஜூல் வெப்பம் வெளியாகும். குறையே இல்லாத இன்ஜின் கிடைத்தாலும், அதைக் கொண்டு 9 வாட் எல்இடி பல்பை ஏறக்குறைய 2 நிமிடம் எரிக்கலாம். அந்த நீரைச் சுட வைக்க எரித்த கேஸுக்குக் காசு கொடுத்தது நாம்தானே?

வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்துவது பல நேரம் புத்திசாலித்தனம். புதுச்சேரியை ஒட்டிய ஆரோவிலில், சோலார் கிச்சன் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் அமைத்தது சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைப்பதற்குத்தான்.

செய்ய விரும்புவோருக்கு இரண்டு வார்த்தை. கம்பி வாங்கும்போது எத்தனை டிகிரியில் உருவம் மாறும் என்று கேளுங்கள். வெந்நீரின் சூட்டைவிடக் குறைவாகவும் அறை வெப்பத்தைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். பல் கிளிப்புக்கான நிட்டினால் கம்பி பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே ஸ்பிரிங் போல நிற்கும், இதற்கு உதவாது. டம்ளரைக் கம்ப்யூட்டர் மேஜையில் வைக்காதீர்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

வீடியோ பார்க்க ஒரு போன் போதும். பார்த்ததைச் சரிபார்க்கவும் பயன்பட்டால்தான் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியதற்கு அர்த்தம் என்பது என் கருத்து.